பற்றைக்காடான காணியைத் துப்புரவாக்க எந்த இயந்திரம்? மீளத் திரும்பும் குடும்பங்களுக்கான வழிகாட்டி

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஜூன் மாதம் வெளியேறிய குடும்பங்களில் பல, தமது காணியை மீண்டும் பார்க்க இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வன்னியில் இறுதிப் போர்க்காலத்தில் கைவிடப்பட்ட தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இதே கதிதான். காணி விடுவிக்கப்பட்ட செய்தி கேட்டு ஓடிப்போனவர்கள் கண்டது வீட்டை அல்ல, காட்டை. நாயுண்ணியும் இப்பில் இப்பிலும் உடையும் விளாத்தியும் வேம்பும் ஒன்றோடொன்று பின்னி நிற்க, கிணறு எது, அத்திவாரம் எது என்று தெரியாத நிலை.

அந்த இடத்தில் எழும் முதல் கேள்வி, இதை வெட்ட எந்த இயந்திரத்தைப் பிடிப்பது என்பதாகும். வழமையான பதில் பெக்கோ அல்லது டோசர். அண்மைக் காலத்தில் மூன்றாவது பதில் ஒன்றும் கேட்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவுகள், சிறிய இயந்திரம் ஒன்று மரத்தை அடியோடு கத்தரித்துத் தூக்கிச் செல்லும் காணொளிகளை அனுப்பி, இதை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அதுதான் ஸ்கிட் ஸ்டியர். அதன் முன்பகுதியில் பூட்டப்படும் வெட்டும் கருவிகளுள் எது எந்தக் காணிக்குப் பொருந்தும் என்பதையும், போர் நடந்த மண்ணில் அதைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்: நிலம் பாதுகாப்பானதா?

‘விடுவிக்கப்பட்ட காணி’ என்பதும் ‘மிதிவெடி அகற்றப்பட்ட காணி’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது, படையினர் வெளியேறியதைக் குறிக்கிறது. இரண்டாவது, நிலம் முறைப்படி சோதிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கிறது. இரண்டும் உறுதியான பின்னரே இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன் 1. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவும் இப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. குறித்த காணி எந்த நிலையில் உள்ளது என்பதைக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாகவோ, கிளிநொச்சியில் இயங்கும் பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்திலோ கேட்டறியலாம். பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

வெட்டும் இயந்திரம் எதுவும் மிதிவெடி அகற்றும் இயந்திரம் அல்ல. மிதிவெடி அகற்றுவதற்கென்று வரும் இயந்திரங்கள் கவசமிடப்பட்டவை. சாதாரண ஸ்கிட் ஸ்டியரின் அடித்தட்டும் கண்ணாடியும் வெடிப்பைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை அல்ல. போர்க்காலத்தில் இங்கு அதிகம் புதைக்கப்பட்ட பி-4 வகை மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. ஆகவே, சந்தையில் வாங்கும் உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை இறக்குவது எந்தப் பாதுகாப்பையும் தராது.

சோதித்து ஒப்படைக்கப்பட்ட காணியிலும் சோதனை குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைதான் நடைபெறுகிறது. அந்த ஆழம் எவ்வளவு என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நிலத்துக்கு மேலே வெட்டும் கருவிக்கும், வேரோடு பிடுங்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உயிர்ப் பிரச்சினையாகிறது.

ஸ்கிட் ஸ்டியர் என்பது என்ன?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வான்கோழிப் பண்ணையொன்றின் கொட்டிலைத் துப்புரவாக்குவதற்காக 1957 இல் கெல்லர் சகோதரர்கள் செய்த சிறு இயந்திரமே இதன் மூதாதை. பின்னர் அது ‘பொப்கற்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. இங்கும் பலர் எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் பொப்கற் என்றே அழைக்கிறார்கள்.

இதன் சில்லுகள் திரும்புவதில்லை. இடப்பக்கச் சில்லுகளும் வலப்பக்கச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், இயந்திரம் நின்ற இடத்திலேயே வழுக்கித் திரும்பும். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழையவும், இரண்டு தென்னைக்கு இடையே திரும்பவும் இது உதவும். அதேவேளை, ஈரமான மண்ணில் ஒவ்வொரு திருப்பமும் மேல்மண்ணைக் கிளறிவிடும். சில்லுக்குப் பதிலாகச் சங்கிலிப்பட்டி கொண்ட வகையும் உண்டு. அது சேற்றில் புதைவது குறைவு. விலையும் பராமரிப்பும் அதிகம்.

முன்னால் உள்ள கருவியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்பதே இதன் பெரிய பலன். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே வகையான பூட்டுத் தட்டைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் தட்டுப் பொருந்துவது முதற்படி மட்டுமே. கருவிக்குப் போதிய எண்ணெய் ஓட்டத்தை இயந்திரம் தருமா என்பதே அடுத்த கேள்வி.

கருவிகள்: எது என்ன செய்யும்?

கத்தரி: ட்ரீ ஷியர் எனப்படும் இது, இரண்டு கனத்த கத்திகளால் மரத்தை நெரித்து வெட்டும். கத்தியை இயக்குவது ஹைட்ரோலிக் சிலிண்டர் என்பதால் சாதாரண எண்ணெய் ஓட்டமே போதும். பொதுவாக 25 முதல் 35 சென்ரிமீற்றர் விட்டம் வரையான மரங்களுக்கு வருகிறது. சுழலும் பாகம் இல்லாததால் துண்டுகள் தெறிப்பது குறைவு. வெட்டிய மரத்தைப் பிடித்துக்கொள்ளும் கை உள்ள கத்தரியையே கேளுங்கள். பிடிகை இல்லாவிட்டால் மரம் எந்தப் பக்கமும் விழலாம், ஓட்டுநரின் கூரை மீதும் விழலாம். நெரித்து வெட்டுவதால் அடிமரம் பிளந்துபோகும். பலகைக்கு விற்க நினைக்கும் மரத்துக்கு இது உகந்ததல்ல.

வட்டவாள்: ஹைட்ரோலிக் மோட்டார் சுழற்றும் பற்கள் கொண்ட தட்டு. வெட்டு சுத்தமாகவும் நிலமட்டத்தை ஒட்டியும் இருக்கும், வேலை வேகமாக நடக்கும். ஆனால் பல வகைகளுக்கு உயர் எண்ணெய் ஓட்டம் தேவை. பல் இரும்பில் பட்டால் உடைந்து தெறிக்கும்.

பற்றை வெட்டி: புல்வெட்டும் இயந்திரத்தின் பெரிய வடிவம். நாயுண்ணி, இளம் இப்பில், கையளவு தடிப்புள்ள செடிகள் ஆகியவற்றுக்கு ஏற்றது. சாதாரண ஓட்டத்தில் இயங்கும் வகைகள் ஏறக்குறைய 7 அல்லது 8 சென்ரிமீற்றர் தண்டு வரை வெட்டும்.

மல்ச்சர்: பற்கள் பொருத்திய உருளை, நின்ற மரத்தையே தூளாக்கி நிலத்தில் பரப்பிவிடும். எரிக்கவோ ஏற்றவோ தேவையில்லை. தூள் மண்ணுக்கு மூடாக்காகும். எனினும், விலை கூடியதும் பெரும்பாலும் உயர் ஓட்டம் தேவைப்படுவதும் இதுவே. கற்களும் மரத்துண்டுகளும் தொலைவுக்குத் தெறிக்கும். வேலை நடக்கும்போது 100 மீற்றருக்குள் எவரும் நிற்கக் கூடாது. ஓட்டுநர் அறையின் கதவு தடித்த பொலிகாபனேற் தகட்டினால் ஆனதாக இருக்க வேண்டும். வீடுகள் நெருங்கிய கிராமத்தில் இந்தத் தூரத்தைக் காப்பது கடினம்.

பிடுங்கி: தண்டைக் கவ்வி வேரோடு இழுக்கும். சுமார் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரையான மரங்களுக்கும், பழைய முட்கம்பி வேலிக் கட்டைகளுக்கும் பொருந்தும். மாரி முடிந்து மண்ணில் ஈரம் உள்ள மாசி, பங்குனியில் நன்றாக வேலை செய்யும். கோடையில் இறுகிய மண்ணில் தண்டு அறுந்து வேர் உள்ளே நின்றுவிடும்.

கவ்வி: மேலிருந்து மூடும் கையுடன் கூடிய பல்வாளி. இது வெட்டாது. வெட்டியதை அள்ளிக் குவிக்கும். வேறு எந்தக் கருவியை எடுத்தாலும், கடைசியில் இதுவும் தேவைப்படும்.

வெட்டுவதா, பிடுங்குவதா?

இப்பில் இப்பில், சீமைக்கருவேல், நாயுண்ணி மூன்றும் வெட்டினால் சாகாதவை. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். சீமைக்கருவேலின் துளிர்க்கும் பகுதி நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கிறது. கத்தரியாலோ மல்ச்சராலோ வெட்டிவிட்டு அடுத்த மாரி கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்து நிற்கும். ஆகவே விவசாய நோக்கில் பார்த்தால் பிடுங்குவதே சரியானது.

போர் நடந்த நிலத்திலோ, பிடுங்குவது மண்ணைக் கிளறுவதாகும். வெடிபொருள் பற்றிய உறுதி எழுத்தில் இல்லாத காணியில் எந்த வேலையும் செய்யக் கூடாது. உறுதி உள்ள காணியிலும், முன்னரங்கு, மண்அணை, பதுங்குகுழி இருந்த பகுதிகளை ஊரில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டு அடையாளமிட்டு, அப்பகுதிகளில் பிடுங்காமல் விட வேண்டும். அங்கே நிலத்துக்கு மேலே வெட்டி, துளிர் வரும்போதெல்லாம் கத்தியால் வெட்டி அடக்குவதே வழி. ஆடு கட்டி மேய்ப்பதும் உதவும், இப்பில் இலையை ஆடு விரும்பித் தின்னும். இரண்டு, மூன்று ஆண்டுகள் விடாமல் செய்தால் கட்டை சோர்ந்துவிடும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு கணக்குகள்

முதலாவது, எண்ணெய் ஓட்டம். இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் எண்ணெயை எந்த அழுத்தத்தில் தருகிறது என்று கேளுங்கள். லீற்றரை அழுத்தத்தால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கருவிக்குக் கிடைக்கும் சக்தி கிலோவாற்றில் வரும். நிமிடத்துக்கு 75 லீற்றர், 200 பார் என்றால் 25 கிலோவாற். 130 லீற்றர், 230 பார் என்றால் ஏறக்குறைய 50 கிலோவாற். முதலாவது இயந்திரம் கத்தரிக்கும் சிறிய பற்றை வெட்டிக்கும் போதும். அதில் மல்ச்சரைப் பூட்டினால் உருளை மரத்தில் பட்டவுடன் நின்றுவிடும், எண்ணெய் சூடாகும், நாள் முழுவதும் வாடகை ஓடும். மோட்டார் உள்ள கருவிகள் பலவற்றுக்கு எண்ணெய் திரும்பும் மூன்றாவது சிறு குழாயும் தேவை. அது இல்லாத இயந்திரத்தில் பூட்டினால் மோட்டாரின் சீல் உடையும்.

இரண்டாவது, பாரம். இயந்திரத்தின் ஏட்டில் குறிப்பிடப்படும் தூக்கும் அளவு, சில்லு வகையில் அது கவிழும் பாரத்தின் பாதி. சங்கிலிப்பட்டி வகையில் 35 சதவீதம். அதுவும் சமதரையில். 900 கிலோகிராம் தூக்கும் இயந்திரத்தில் 400 கிலோகிராம் கத்தரியைப் பூட்டினால் மிஞ்சுவது 500 மட்டுமே. சராசரி 25 சென்ரிமீற்றர் விட்டமும் 6 மீற்றர் நீளமும் கொண்ட பச்சை வேப்பந்தண்டு மட்டும் 250 கிலோகிராமுக்கு மேல் வரும். கிளையும் இலையும் சேர்ந்து, மரம் முன்னால் சரிந்தால் இயந்திரத்தின் பின்சில்லு எழும்பிவிடும். கத்தரி 35 சென்ரிமீற்றர் வெட்டும் என்பதால் அந்த மரத்தை இயந்திரம் சுமக்கும் என்று பொருளாகாது. பெரிய மரத்தைக் கிளை கழித்து, துண்டு துண்டாக இறக்குவதே முறை. சுமையுடன் நகரும்போது கையைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும்.

எமது காணிகளில் மட்டும் உள்ள தடைகள்

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டாத விடயங்கள் சில உண்டு.

மரத்துக்குள் இரும்பு: எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் பாய்ந்த மரங்கள் காயத்தை மூடி வளர்ந்துவிட்டன. வெளியே தெரியாது. வட்டவாளும் மல்ச்சரும் இதில் பட்டால் பல் போகும். இரும்புத் துண்டு துப்பாக்கிச் சன்னம் போலப் பறக்கும். போரில் எரிந்த, வடுவுள்ள முதிய மரங்களுக்குக் கத்தரியே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மரஆலைக்கு விற்கும்போதும் இதை மறைக்கக் கூடாது.

முட்கம்பி: பழைய காவலரண் வேலிகள் பற்றைக்குள் புதைந்து கிடக்கின்றன. சுழலும் கருவியில் கம்பி சுற்றினால் மோட்டார் பழுதாகும். கம்பி உள்ள ஓரங்களைக் கையால் துப்புரவாக்கிய பின்னரே இயந்திரத்தை விட வேண்டும். கம்பி கிடக்குமிடம் பொறிவெடி இருந்த இடமாகவும் இருக்கலாம்.

கிணறு: பற்றை மூடிய கட்டில்லாக் கிணறு இயந்திரத்தையும் ஓட்டுநரையும் விழுங்கும். குடும்பத்தில் மூத்தவரை அழைத்து வந்து, கிணறு, மலகூடக் குழி, பதுங்குகுழி ஆகியவை இருந்த இடங்களைக் கேட்டு, நீண்ட தடிகளில் நிறத்துணி கட்டி அடையாளமிடுங்கள். கிணற்றைச் சுற்றி ஐந்து மீற்றருக்குக் கையால் மட்டுமே வெட்ட வேண்டும்.

எலும்புகள்: 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும், 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோதும் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வேர் பிடுங்கும்போது எலும்போ, உடைத் துண்டோ, தகட்டிலக்கமோ தெரிந்தால் அந்தக் கணமே இயந்திரத்தை நிறுத்துங்கள். எதையும் எடுக்கவோ மூடவோ வேண்டாம். பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்து, நீதவானின் கவனத்துக்குச் செல்வதை ஒரு சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்துங்கள். யாரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கும் பதில், அந்த ஒரு வாளி மண்ணில் இருக்கக்கூடும்.

எதை வெட்டாமல் விட வேண்டும்?

டோசருக்கு எதிரான முக்கிய காரணம் இதுதான். டோசர் ஒரே நாளில் காணியைத் தட்டையாக்கும். அத்துடன் வலிகாமத்தின் செம்மண் மேற்படையும், அத்திவாரமும், எல்லை மரங்களும் போய்விடும்.

உறுதிகள் அழிந்த, அயலவர் திரும்பாத காணிகளில் எல்லைக்குச் சாட்சியாக நிற்பது மூலைப் பனையும், பூவரச வேலியும், கிளுவை வரிசையும்தான். பல இடங்களில் காடாகிப்போன குடிமனைகளை வனவளத் திணைக்களம் தனது எல்லைக்குள் அடையாளமிட்டுள்ளது. அங்கே அது காடல்ல, குடியிருப்பு என்பதைக் காட்டுவது முதிய மாவும், பலாவும், தென்னை வரிசையும், கட்டுக்கிணறும், அத்திவாரக் கல்லுமே. இவற்றை அழிப்பது தன் வழக்கின் சான்றைத் தானே அழிப்பதற்குச் சமம். கத்தரியும் கவ்வியும் மரம் மரமாகத் தெரிந்து வெட்டக்கூடியவை என்பதால் இத்தகைய காணிக்கு அவையே பொருந்தும். வெட்டத் தொடங்க முன்னர் எல்லாப் பக்கமும் திகதியுடன் படம் எடுத்து, முடிந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல் தொடர்பில் பிணக்கு உள்ள காணியில், எழுத்து மூல அனுமதியின்றி இயந்திரத்தை இறக்க வேண்டாம். வனச்சட்டத்தின் கீழ் மரத்தோடு இயந்திரத்தையும் பறிமுதல் செய்ய முடியும்.

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொந்தக் காணியில் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றுக்கும் பொருந்தும். இவற்றைத் தறிக்க அனுமதி தேவை. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பாலை, முதிரை போன்ற காட்டுமரங்களை ஏற்றிச் செல்வதற்கு வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதியும் வேண்டும். வடலிகளை இயந்திரத்தின் வழியில் நிற்கின்றன என்பதற்காக அழிக்காதீர்கள். போர் தின்ற பனைகளுக்கு மாற்று அவைதான்.

இயந்திரக்காரரோடு பேசும்போது

மணித்தியாலக் கணக்கா, பரப்புக் கணக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். அடர்த்தி தெரியாத காணிக்கு, முதலில் ஒரு பரப்பை மணிக்கணக்கில் வெட்டுவித்துப் பார்த்து, மீதிக்கு விலை பேசுவது நியாயமானது. இயந்திரத்தை ஏற்றி இறக்கும் லொறிக் கூலி, டீசல், உடையும் பல் ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

வெட்டிய மரம் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ‘மரத்தை நான் எடுக்கிறேன், காணியை இலவசமாகத் துப்புரவாக்கித் தருகிறேன்’ என்று வருபவரின் கண், பெரும்பாலும் நீங்கள் காப்பாற்ற வேண்டிய முதிய மரத்தில்தான் இருக்கும். பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள், வெட்டும் நாளில் உறவினர் ஒருவரையோ கிராம அபிவிருத்திச் சங்கத்தவரையோ உடன் வைத்திருப்பது நல்லது. விட வேண்டிய மரங்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

சுருக்கமாக

நாயுண்ணியும் இளம்பற்றையும் மட்டும் உள்ள தோட்டக்காணிக்கு: பற்றை வெட்டியும் கவ்வியும்.

வேம்பும் இப்பிலும் கலந்து, இடையே மா, தென்னை நிற்கும் குடிமனைக்கு: பிடிகை உள்ள கத்தரியும் கவ்வியும்.

வெடிபொருள் இல்லை என்ற எழுத்து உறுதியும், முன்னரங்கு இருந்த வரலாறு இல்லாமையும் சேர்ந்த விவசாய நிலத்துக்கு: பிடுங்கி.

வீடுகள் அற்ற, இரும்பு அற்ற, பெரும் பரப்புக்கு: மல்ச்சர். அதுவும் பல குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் மட்டுமே கட்டுபடியாகும்.

35 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மரத்துக்கு: அனுபவமுள்ள சங்கிலிவாள்காரர். ஸ்கிட் ஸ்டியர் பின்னால் நின்று துண்டுகளை அள்ளட்டும்.

இரண்டு, மூன்று பரப்புக் காணிக்கு இயந்திரமே தேவையில்லை. கத்தியும் கோடரியும் கொண்ட நான்கு பேர், ஒரு கிழமையில் மண்ணையும் எல்லையையும் கெடுக்காமல் முடித்துவிடுவார்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம், வாங்கிய பின் உதிரிப்பாகமின்றி முற்றத்தில் துருப்பிடிக்கும் இயந்திரமாகாமல், வேலியாகவும் கிணறாகவும் மாறுவதே மேல். ஓர் இயந்திரத்தை வாங்குவதானால் ஒரு குடும்பமாக அல்ல, கூட்டுறவுச் சங்கமாகவோ கமக்காரர் அமைப்பாகவோ வாங்குங்கள். அதற்கு முன், பழுதானால் திருத்தக்கூடிய ஒருவர் அந்த மாவட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.